ஆறு வாரம் தோய்க்காத உட்சட்டை

ஒரு நிமிட மௌனம் என்றார்கள். நாற்பத்தொரு விநாடிதான் இருந்தது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். நாற்பத்திரண்டாவது விநாடியில் நடுவர் ஊதினார், மைதானம் முழுவதும் கை தட்டியது, உடனே ஒலிபெருக்கியில் கழகத்தின் பாட்டு. செத்தவனுக்கு ஒரு முழு நிமிடம் கொடுக்க இவர்களிடம் நேரமில்லை. தொலைக்காட்சிக்குச் சொன்ன நேரத்தில் பந்து உருள வேண்டுமாம்.

நான் அந்த மைதானத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிறவள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். மூன்றாம் பிரிவில் விளையாடும் உதைபந்தாட்டக் கழகம். பதினாலு வருடமாக அங்கே வேலை. எனக்கு மேலே ஒரேயொருவர்தான், உடுப்புக்கும் சப்பாத்துக்கும் பந்துக்கும் பொறுப்பான ஜெர்மன்காரர், அறுபதைத் தாண்டியவர். நான் அவரைப் பெரியவர் என்றுதான் மனதுக்குள் சொல்வேன். பேச்சு மிகக் குறைவு. அதனாலேயே எங்களுக்குள் சண்டையும் குறைவு.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் இலக்கம் போட்ட வலைப்பை ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் காலுறை, காற்சட்டை, பனியன் எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து, வாயைக் கட்டி, என் வாசலில் இருக்கிற கூடையில் எறிந்துவிட்டுப் போவார்கள். நான் பையோடு தோய்த்து, பையோடு காயவைத்து, அவரவர் கொளுவியில் மாட்டுவேன். புல்லுக் கறைக்கு எது, ரத்தத்துக்கு எது, எத்தனை பாகைச் சூடு என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். ஒரு அழுக்குத் துணியை விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்தத் திமிருக்கு ஒருவன்தான் சவால் விட்டான். வலது பக்கப் பின்கள ஆட்டக்காரன், இருபத்தேழாம் இலக்கம், டிரெஸ்டன் பக்கத்தில் ஏதோ சின்ன ஊர்ப் பையன். இருபத்துநாலு வயது. குளிருக்கு ஜேர்சியின் உள்ளே போடுகிற கறுப்பு நிற நீளக்கை உட்சட்டை ஒன்று வைத்திருந்தான். பெப்ரவரியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கிய ஆட்டத்தில் நாங்கள் வென்றோம். அடுத்ததிலும் வென்றோம். அதன்பிறகு, தோற்கிற வரைக்கும் அதைத் தோய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். ஜெர்மன்காரருக்குச் சாத்திரம் சம்பிரதாயம் கிடையாது என்று யார் சொன்னது? அந்த அணியில் ஒருவன் இடது சப்பாத்தை முதலில் போடாமல் அறையை விட்டு வெளியே வரமாட்டான். இன்னொருவன் தோற்ற நாளின் காலுறையைக் குப்பையில் போடுவான். எங்கள் ஊர்ச் சாத்திரியார் தோற்றுப்போவார்.

அணியும் தோற்கிற பாட்டைக் காணோம். வெல்லும், அல்லது சமன் செய்யும். ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். உட்சட்டை கொளுவியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அந்த அறைக்குள் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மற்றவர்களின் உடுப்பை மாட்ட வேண்டும். பெரியவரிடம் முறையிட்டேன். ஆட்டக்காரரின் நம்பிக்கையில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு அவர் சப்பாத்துத் துடைக்கப் போய்விட்டார்.

நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஏசினேன். ஜெர்மனில் எனக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும், மருத்துவரிடம் நோவைச் சொல்லத் தெரியும், ஏசத் தெரியாது. அந்த மொழியில் ஏசினால் எனக்கே முறைப்பாட்டுக் கடிதம் வாசிப்பதுபோல் இருக்கும். ஆகவே அவனைத் தமிழில்தான் ஏசுவேன். “டேய், என்ன நாத்தமடா இது, செத்த எலி மாதிரி. கழட்டித் தாடா, தோய்ச்சுத் தாறன்.” அவனுக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் விஷயம் விளங்கும். நான் தங்கையோடு தொலைபேசியில் கதைக்கும்போது அடிக்கடி ‘ஏலாது, ஏலாது’ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று ஒருநாள் விசாரித்தான். முடியாது என்று பொருள், சொன்னேன். அன்றிலிருந்து நான் கையை நீட்டினால் அந்த ஒற்றைச் சொல்தான் பதில். “ஏலாது.” சொல்லிவிட்டு உட்சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான்.

இவனைத்தான் தை மாதத்தில் கழகம் அழைத்து, கோடையோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, வேறு இடம் பார் என்று சொல்லியிருந்தது. அணிப் படம் எடுக்கிற நாளில் கூப்பிடவுமில்லை. முதல் தெரிவாக ஆடிக்கொண்டிருந்தவனுக்கு முழங்கால் போனதால்தான் இவனுக்கு இடம் கிடைத்தது. அதை அவனே என் கூடையின் மேல் உட்கார்ந்து சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கோபம். இங்கிருந்து போகும்போது இந்த உட்சட்டையைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுப்பேன், அவள்தான் தோய்க்க வேண்டும், நீங்கள் தொடக் கூடாது என்றான். அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டானாம்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஓய்வு நாளில், அவனுடைய கார் நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டியின் கீழே போய்விட்டது. அந்தச் சனிக்கிழமைதான் ஆறாவது ஆட்டத்தையும் தோற்காமல் முடித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போனபோது பெரியவர் என் இயந்திரங்களுக்கு முன்னால் நின்றார். அவர் அங்கே வருவதில்லை. செய்தியைச் சொன்னார். பிறகு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். நான் அழவில்லை. நேரே உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். அவன் கொளுவியில் இருந்த அத்தனையையும் அள்ளினேன். இரண்டு பயிற்சிச் சட்டை, மழைக்கு மேலே போடும் அங்கி, துவாய், வலைப்பையில் இருந்த காலுறை, அந்தக் கறுப்பு உட்சட்டை. எல்லாவற்றையும் தோய்த்தேன்.

எங்களுக்குச் செத்தவீடென்றால் முதலில் தண்ணீர்தான். தலைக்குத் தோய வேண்டும், உடுத்ததைத் தோய்க்க வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் செத்த செய்தி எனக்கு இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. போக முடியவில்லை, விசா இல்லை. வீட்டிலிருந்த திரைச்சீலை, தலையணை உறை, பிள்ளைகளின் பாடசாலை உடுப்பு எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவது விதிக்கு மாறானது என்று கீழ் வீட்டுக்காரி வந்து மணி அடித்தாள். எனக்குச் செத்தவீடு என்று சொன்னேன். செத்தவீட்டுக்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். கதவைச் சாத்தினேன்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்தது எனக்குச் சரியாகவே பட்டது. உட்சட்டையை மட்டும் தனியாக எடுத்து, கைச்சூட்டு நீரில் ஊறவைத்து, கையாலேயே கசக்கினேன். தண்ணீர் சாம்பல் நிறமாகப் போயிற்று. நாலு தண்ணீர் மாற்றினேன். பிறகு இயந்திரத்தில் போட்டு, நிழலில் காயவைத்து, மடித்தேன். கடைசியில் தோய்த்துவிட்டேனடா என்று சொல்லிக்கொண்டே மடித்தேன். அவனுக்கு என் கையால் செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிட்ட நிம்மதிகூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது.

புதன்கிழமை கூட்டம். கழகத் தலைவர் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டி வந்தார். எங்கள் அணியின் இதயத்தை இழந்துவிட்டோம் என்றார். இருபத்தேழாம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தை மாதம் வெளியே போகச் சொன்ன வாயும் அதே வாய்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தோய்க்கிறவள் கூட்டத்தில் பேசுவதில்லை, சுவரோரமாக நிற்பாள். நானும் நின்றேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் அவனுக்கு அஞ்சலி. அந்த ஏற்பாடெல்லாம் ஊடகப் பொறுப்பாளரின் கையில். முப்பது வயது இருக்கும், எப்போதும் கையில் ஒரு பலகைக் கணினி. ஆட்டத்துக்கு முன்னால் மௌனம், பிறகு தாயிடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த ஜேர்சி, இருபத்தேழாவது நிமிடத்தில் மைதானம் முழுவதும் எழுந்து ஒரு நிமிடம் கை தட்டுவது. அந்தக் கைதட்டலை மட்டும் பார்வையாளர்களே கேட்டு வாங்கியிருந்தார்கள். மிச்சமெல்லாம் இவருடைய யோசனை. ஜேர்சி புதியது. அவன் பெயரையும் இலக்கத்தையும் நான்தான் சூட்டு இயந்திரத்தில் வைத்து ஒட்டினேன். அவன் ஒருநாளும் போடாத ஜேர்சி அது.

கைக்குக் கட்டுகிற கறுப்புப் பட்டியையும் நானே வெட்டினேன், மாற்று ஆட்டக்காரருக்கும் சேர்த்து. நாலு விரல் அகலம். ஊடகப் பொறுப்பாளர் வந்து ஒன்றை எடுத்துச் சட்டைக் கையில் வைத்துப் பார்த்தார். கையில் இருக்கிற விளம்பரத்தை மறைக்கிறது, இரண்டு விரல் அகலத்துக்குக் குறைக்க வேண்டும் என்றார். துக்கத்தை இரண்டு விரலுக்குள் அடக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து மெல்லச் சிரித்தார். எல்லாப் பட்டியையும் திரும்ப வெட்டினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் தாய் தொலைபேசியில் அழைத்தாள். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் தொலைபேசியைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். நான் பக்கத்தில் நின்று காலுறை சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் மிகவும் நிதானமாகப் பேசினாள். சனிக்கிழமை வருவதாகவும், கழகம் செய்வதற்கெல்லாம் நன்றி என்றும் சொன்னாள். தனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், ஒரு கறுப்பு உட்சட்டை, தோய்க்காதது, அதைப் பற்றி மகன் சொல்லியிருக்கிறான், அதை அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டிவையுங்கள் என்றாள். அவனுடைய அறையிலிருந்த எல்லாவற்றையும் அவனே தோய்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான், தலையணை உறைகூடப் புதிது, அவன் மணம் உள்ளது வேறு எதுவுமே இல்லை என்றாள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த ஒரு நாளில்தான் பெரியவர் மேலேயும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் சரி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். வேறென்ன சொல்வது என்றார். உண்மையைச் சொல்லலாம், இங்கே ஒரு மடைச்சி தோய்த்துவிட்டாள் என்று சொல்லலாம் என்றேன். அவர் ஊடகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

அந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் தீர்வு கண்டுபிடித்துவிட்டார். அவனுடைய உடம்பு வாகில் இன்னொரு ஆட்டக்காரன் இருக்கிறான், பக்கத்துக் கொளுவிக்காரன். சனிக்கிழமை உடம்பைச் சூடாக்கும் பயிற்சியின்போது அவன் அதைப் போட்டு ஓடட்டும். வியர்வை வரும். அதைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். வியர்வைக்குப் பெயரா எழுதியிருக்கிறது, தாய்க்கு ஆறுதல்தானே முக்கியம் என்றார். மிகவும் அன்பான குரலில் சொன்னார்.

நான் எந்த மொழியில் என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் மணம் தெரியாதா என்று கேட்டது நினைவிருக்கிறது. உங்கள் தாயிடம் போய்க் கேளுங்கள் என்றும் சொன்னேன். அவர் மடித்த உட்சட்டையை என் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார். இது கழகத்தின் முடிவு, நீங்கள் சனிக்கிழமை அந்த அம்மாவிடம் பேச வேண்டியதில்லை என்றார். பெரியவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளி இரவு நித்திரை இல்லை என்று எழுதினால் அது எல்லோரும் எழுதுவது. நான் நன்றாகத் தூங்கினேன். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் தூக்கம் வரும். எழும்பியபோது கோபம் பக்கத்திலேயே எழும்பி உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்க வெளியே போனார்கள். எல்லோர் நெஞ்சிலும் அவனுடைய படம் போட்ட வெள்ளை மேற்சட்டை. பக்கத்துக் கொளுவிக்காரனின் மேற்சட்டைக்குக் கீழே கறுப்புக் கை தெரிந்தது. நான் மைதானத்துக்குப் போகிற சுரங்கப் பாதையின் வாயிலில் நின்று பார்த்தேன். மற்றவர்களைவிட அதிகமாக ஓடச் சொல்லியிருப்பார்கள்போல, கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தான். இருபத்தைந்து நிமிடம் கழித்து உள்ளே வந்தவன் நேரே என் வாசலுக்கு வந்தான். உட்சட்டையைக் கழற்றிப் பெரியவரின் கையில் கொடுத்தான். அவன் கண் சிவந்திருந்தது. இரண்டு வருடம் வெளியூர்ப் பயணங்களில் செத்தவனோடு ஒரே அறையில் படுத்தவன் அவன். என்னை மன்னியுங்கள் என்று என்னிடம் சொன்னான். என்னிடம் ஏன் சொன்னான் என்று தெரியவில்லை, சொல்வதற்கு வேறு ஆள் அங்கே இருக்கவில்லை.

பெரியவர் பிளாஸ்டிக் பையை விரித்தார். நான் அவர் கையிலிருந்து உட்சட்டையைப் பிடுங்கித் தொட்டிக்குள் எறிந்து குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் நிறைந்தது. அவர் தடுக்கவில்லை. நீ வேலையை இழக்கப் போகிறாய் என்று மட்டும் சொன்னார். பிறகு தானே இன்னொரு குழாயையும் திறந்துவிட்டார். பதினாலு வருடத்தில் அவர் எனக்காகச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.

அப்புறம்தான் அந்த நாற்பத்தொரு விநாடி. நான் மறுபடி சுரங்கப் பாதைக்கு ஓடி, வாயிலில் நின்றேன். நடுவட்டத்தைச் சுற்றி இரண்டு அணியும் தோளில் கை போட்டு நின்றன. பெரிய திரையில் அவன் சிரித்தான். அணிப் படத்தில் அவன் இல்லாததால் வேறெங்கோ தேடி எடுத்த படம், ஒரு பக்கம் வெட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற யாருடையதோ தோள் தெரிந்தது. தலைவர் கண்ணாடிச் சட்டத்தைக் கொடுத்தார். தாய் வாங்கினாள். சின்ன உருவம், சாம்பல் நிறக் குளிர் அங்கி. புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடிக்கச் சொல்லிக் கையால் காட்டினார். அவள் உயர்த்திப் பிடித்தாள்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்தில் ஊடகப் பொறுப்பாளர் அவளை என்னுடைய நிலவறைக்கே கூட்டி வந்துவிட்டார். பின்னால் புகைப்படக்காரர். பொருளைக் கையளிக்கிற இடம் உண்மையான இடமாக இருந்தால் நல்லது என்று அவர் பாதையில் சொல்லிக்கொண்டு வந்தது எனக்கே கேட்டது. பை எங்கே என்று பெரியவரிடம் கேட்டார். பெரியவர் என்னைக் காட்டினார்.

நான் தொட்டிக்குள் கைவிட்டு உட்சட்டையை எடுத்தேன். பிழியவுமில்லை. தண்ணீர் நிலத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் தாயிடம் நேரடியாகச் சொன்னேன். இதுதான் அந்த உட்சட்டை. செவ்வாய்க்கிழமை நான் இதைத் தோய்த்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் தோய்த்தேன். எங்கள் ஆட்கள் சாவு கேட்டால் தோய்ப்பார்கள். இன்றைக்கு இதை வேறொருவனுக்குப் போட்டு, வியர்க்க வைத்து, உங்கள் மகனுடையது என்று தரப் பார்த்தார்கள். அதனால் திரும்பவும் தோய்த்தேன்.

ஊடகப் பொறுப்பாளர் இடையில் புகுந்து, இவர் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார் என்றார். தாய் அவரை ஒருதரம் பார்த்தாள். அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அவருடைய கையில் திணித்துவிட்டு, வெளியே போங்கள் என்றாள். புகைப்படக்காரர் அவருக்கு முன்னமே போய்விட்டார். பெரியவரும் போனார், கதவைச் சாத்திக்கொண்டு.

பிறகு அவள் என்மேல் பாய்ந்தாள். வாயால்தான். அவ்வளவு நேரமும் நன்றி சொல்லிக்கொண்டிருந்த வாய். யாரைக் கேட்டுத் தோய்த்தாய், அது உன்னுடைய பிள்ளையா, உன்னுடைய சட்டையா, ஆறு வாரம் கிடந்தது இன்னும் நாலு நாள் கிடந்தால் உனக்கு என்ன என்று கத்தினாள். இயந்திரத்தை ஓங்கிக் கையால் அடித்தாள். கூடையைக் காலால் உதைத்தாள். காலுறையெல்லாம் சிதறியது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அந்த வாரம் முழுவதும் எல்லோரும் அடக்கமாகவும் அழகாகவும் துக்கப்பட்டார்கள். செத்தவனுக்காகக் கத்திய முதல் ஆள் அவள்தான். அதற்கு நானாவது பயன்பட்டேனே என்று நினைத்தேன்.

அவள் களைத்துப்போய்க் கவிழ்ந்த கூடையில் உட்கார்ந்தாள். மகன் உட்கார்கிற அதே கூடை. நான் அதைச் சொல்லவில்லை. ஈர உட்சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், அங்கி நனைந்ததைப் பார்க்கவேயில்லை. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு கீழே இறக்கினாள். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லைத்தான், நான் அவ்வளவு நன்றாகத் தோய்க்கிறவள்.

மேலே யாரோ கோல் அடிக்கத் தவறிவிட்டார்கள்போல, மைதானம் ஒரே மூச்சாக முனகியது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

“அவனை ஒவ்வொரு நாளும் ஏசுகிற ஒரு பெண் இருப்பதாகச் சொன்னான். நீங்களா?”

நான்தான் என்றேன்.

“எப்படி ஏசுவீர்கள்?”

அது எங்கள் மொழி, உங்களுக்கு விளங்காது என்றேன்.

“அவனுக்கும் விளங்கவில்லையே. ஏசுங்கள்.”

என்னால் முடியாது என்று சொல்லப் போனேன். அப்போது மேலே கைதட்டல் தொடங்கியது. முதலில் ஒரு மூலையில், பிறகு நாலு பக்கமும். கூரையிலிருந்த விளக்கு அதிர்ந்தது. இருபத்தேழாவது நிமிடம். அவள் அண்ணாந்து பார்த்தாள். அங்கே மேலே எழுந்து நின்று அவளும் கை தட்ட வேண்டிய நேரம் அது. அவளுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், பக்கத்தில் தலைவர். அவள் எழும்பவில்லை. ஈர உட்சட்டையோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. வலைப்பையில் இலக்கம் எழுதிவிட்டு ஆளைத் தெரியாமல் இருந்த கழகத்தின் மேல், விளம்பரத்துக்கு இடம்விட்ட கறுப்புப் பட்டியின் மேல், நாற்பத்தொரு விநாடியின் மேல், என்னுடைய இந்தக் கையின் மேல். கடைசியில் அவன் மேலேயே வந்தது. ஓய்வு நாளில் வீட்டில் கிடக்காமல் ஏன் போனான்?

கையை நீட்டினேன். மேலேயிருந்த சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று கத்தினேன்.

“டேய், என்ன நாத்தமடா இது. ஆறு கிழமையாப் போட்டுக்கொண்டு திரியிறாய், உனக்கு வெக்கமில்லையே? மனிசர் இந்த அறைக்குள்ள வரேலுமே? எத்தின தரமடா சொல்லுறது உனக்கு. கழட்டித் தாடா, தோய்ச்சுத் தாறன்.”

அவள் என் நீட்டிய கையைப் பார்த்தாள். உட்சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

“ஏலாது” என்றாள்.

மகனைப் போலவே சொன்னாள். அவன் வீட்டிலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். மேலே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையை மடக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஏசத் தொடங்கினேன்.